இசிஜி அலையில் இரைச்சல்: 50 ஹெர்ட்ஸ் ஃபில்டர் போட்டும் போகவில்லை, என்ன செய்யலாம்?

சாட்ஸ்வர்த்_தம்பி

வணக்கம். டர்பனில் எலக்ட்ரானிக்ஸ் படிக்கிறேன், கடைசி ஆண்டு ப்ராஜெக்ட்டாக இசிஜி எடுக்கும் சின்னக் கருவி ஒன்று செய்துகொண்டிருக்கிறேன். இதய மின்னலையைப் பெரிதாக்கும் ஏடி8232 சிப் வைத்த போர்டு, ஆர்டுயினோ யூனோ (சின்ன நிரல் பலகை), தோலில் ஒட்டும் மூன்று ஸ்டிக்கர் எலக்ட்ரோட், அவ்வளவுதான். ஆர்டுயினோ அளவுகளை வரிக்கு ஒன்றாக, நொடிக்கு 9600 பிட் வேகத்தில் லேப்டாப்புக்கு அனுப்புகிறது. அங்கே பைத்தானில் சாம்பிளிங் (நொடிக்கு எத்தனை அளவு எடுக்கிறோம் என்பது) 500 ஹெர்ட்ஸ் என்று கொடுத்து, சுவர்க் கரண்டின் 50 ஹெர்ட்ஸை மட்டும் வெட்டும் நாட்ச் ஃபில்டர் போட்டிருக்கிறேன்.

க்யூ (கூடினால் வெட்டு குறுகும்) 30 வைத்தால் எதுவுமே மாறவில்லை. 5-க்கு இறக்கினால் இரைச்சல் அப்படியே நிற்கிறது, ஒவ்வொரு துடிப்பிலும் வரும் உயரமான ஆர் முனை மட்டும் குட்டையாகி அதற்குப் பின்னால் கோடு நெளிகிறது. இன்னொரு வேடிக்கை, துடிப்பை எண்ணும் நிரல் 187 காட்டுகிறது, நான் சும்மா நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன்! பெரியம்மா அந்த எண்ணைப் பார்த்துவிட்டு டாக்டரிடம் போ என்று நச்சரிக்கிறார். லேப்டாப் சார்ஜரைக் கழற்றினால் கொஞ்சம் நன்றாக இருக்கிறது. கரண்ட் போய் வீட்டு இன்வெர்ட்டரில் ஓடும்போது மகா மோசம்.

வேவ்லெட் (அலையை அலைவெண் வாரியாகப் பல நிலைகளாகப் பிரிக்கும் முறை) போட்டால் சரியாகுமா, இல்லை நேராக நியூரல் நெட்வொர்க்குக்குப் போய்விடலாமா?

டொங்காட்_கரும்பு

தம்பி, நான் சர்க்கரை ஆலையில் இன்ஸ்ட்ருமென்ட் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இதயம் பற்றி அதிகம் தெரியாது, ஆனால் சின்ன மின்னழுத்தத்தைப் பெரிய மோட்டார்களுக்கு நடுவே அளந்தே காலம் போயிற்று. இசிஜி அலை சுமார் ஒரு மில்லிவோல்ட், துடிப்பின் தொடக்கத்தில் வரும் பி அலை அதிலும் பத்தில் ஒரு பங்கு, கால் பங்கு. சுவரில் ஓடுவது 230 வோல்ட். உங்கள் உடம்பும் அந்த ஒயர்களும் சேர்ந்து அதைப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. கூரை ஒழுகும்போது தரையைத் துடைத்துக்கொண்டிருப்பது போலத்தான் ஃபில்டரில் ஆரம்பிப்பது.

முதலில் சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் மட்டும் எடுங்கள். குறைகிறது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள், பிறகு ஏன் மாட்டுகிறீர்கள்? மூன்று ஒயரையும் ஒன்றாக முறுக்குங்கள், தனித்தனியாக விரிந்து கிடந்தால் நடுவில் இருக்கும் வளையம் பூராவும் காந்தப்புலம் புகும். ஒயர் நீளத்தையும் குறையுங்கள். மூன்றாவது எலக்ட்ரோட் சும்மா எர்த் இல்லை, உடம்பில் ஏறியிருக்கும் பொது மின்னழுத்தத்தைத் தலைகீழாக்கி அந்தச் சிப் அதன் வழியாகத் திரும்ப உடம்புக்கே அனுப்புகிறது. அது சரியாக ஒட்டவில்லை என்றால் மற்ற இரண்டும் எவ்வளவு நன்றாக இருந்தாலும் பிரயோஜனமில்லை.

அப்புறம் ஒன்று, இதைக் கோபமாகவே சொல்கிறேன். எலக்ட்ரோட் உடம்பில் இருக்கும்போது சுவர்க் கரண்டில் ஓடும் ஆஸிலோஸ்கோப்பை அந்தப் போர்டில் மாட்டாதீர்கள். மருத்துவக் கருவிகளில் இதயத்தோடு நேராகச் சேரக்கூடிய வகைக்கு நோயாளி வழியாகக் கசியலாம் என்று விடப்படும் அளவு 10 மைக்ரோஆம்பியர்தான். வீட்டில் செய்த கருவிக்கு அந்தப் பாதுகாப்பு எதுவும் கிடையாது.

பீனிக்ஸ்_இசிஜி_அக்கா

நான் இசிஜி டெக்னீஷியன். ஐயா சொன்னதற்கு முன்னால் வருவது தோல். தம்பி, ஸ்டிக்கர் ஒட்டும் முன் தோலை என்ன செய்தீர்கள்? ஒன்றும் செய்யவில்லை என்றுதான் நினைக்கிறேன், யாரும் செய்வதில்லை.

எங்களிடம் வருகிற வயதானவர்களில் பாதிப் பேர் குளித்துவிட்டுத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு வருவார்கள். காவடி சமயத்தில் மார்பில் விபூதி, சந்தனம், மஞ்சள். அதன்மேல் ஸ்டிக்கரை ஒட்டினால் ட்ரேஸ் (இசிஜி கோடு) எங்கே நிற்கும்? சோப்புத் தண்ணீரில் துடைத்து, நன்றாக உலர்த்தி, முரட்டுத் துணியால் லேசாகத் தேய்த்து மேல் பக்கச் செத்த தோலை எடுக்க வேண்டும். முடி இருந்தால் சிரைக்க வேண்டும். ஸ்டிக்கர் பாக்கெட் திறந்து கிடந்தால் ஜெல் காய்ந்துவிடும், காய்ந்ததைத் தூக்கிப் போடுங்கள், சிக்கனம் பார்க்காதீர்கள். டர்பன் பிப்ரவரி வெக்கையில் வியர்வை இன்னொரு தொல்லை.

மூச்சு விடும்போது கோடு மேலும் கீழும் போவது, அசையும்போது துள்ளுவது, இவை முக்கால்வாசி எலக்ட்ரோடில் பிறப்பவை. குளிரில் நடுங்கினால் தசை இரைச்சல் வரும், கோடு புல் முளைத்த மாதிரி ஆகிவிடும். ஏசியை அணைத்துப் போர்வை கொடுத்தாலே பாதிப் பேருக்குச் சரியாகிவிடும். பார்க்கின்சன் நடுக்கம் நொடிக்கு நான்கு முதல் ஆறு தடவை வரும், இதய மேலறைகள் மிக வேகமாகத் துடிக்கும் ஏட்ரியல் ஃப்ளட்டர் நிமிடத்துக்கு 300, அதாவது நொடிக்கு ஐந்து. பேப்பரில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், புதிதாக வந்த டாக்டர்கள் ஏமாந்திருக்கிறார்கள். அப்படிப்பட்டவர்களுக்கு கை எலக்ட்ரோடை மணிக்கட்டிலிருந்து தோள் பக்கம் ஏற்றி, ஏற்றினோம் என்று பேப்பரிலேயே எழுதிவிடுவோம்.

ஜோபர்க்_புதுசு

இதெல்லாம் பழைய காலம் அக்கா. இப்போது டீனாய்ஸிங் ஆட்டோஎன்கோடர் என்று ஒரு வகை நியூரல் நெட்வொர்க் இருக்கிறது, இரைச்சலோடு கொடுத்தால் சுத்தமாகத் திருப்பிக் கொடுக்கும். ஆயிரக்கணக்கான இசிஜி இலவசமாகக் கிடைக்கிறது, ஒரு இரவு ட்ரெய்ன் பண்ணினால் போதும். தம்பி, வேவ்லெட்டில் நேரத்தை வீணாக்காதே.

பிரிட்டோரியா_சிக்னல்

எல்லோரும் கொஞ்சம் நில்லுங்கள். எண்ணெய், இன்வெர்ட்டர், ஆட்டோஎன்கோடர் எல்லாம் பிறகு பேசலாம். தம்பி கேள்வியிலேயே விடை இருக்கிறது, அந்த 187-ஐப் பாருங்கள்.

9600 வேகத்தில் ஒரு எழுத்து போக, முன்னும் பின்னும் வரும் பிட்டுகளோடு சேர்த்து, 10 பிட் ஆகும். அளவு மூன்று இலக்கம், வரி முடிவுக்கு இரண்டு எழுத்து, மொத்தம் 50 பிட். 9600-ஐ 50-ஆல் வகுத்தால் 192. நொடிக்கு 192 வரிக்கு மேல் அந்த ஒயரில் போகவே முடியாது. பஃபர் நிரம்பியதும் ஆர்டுயினோ இடம் கிடைக்கும்வரை காத்து நிற்கும், அதுவரை அடுத்த சாம்பிளை எடுக்காது. நிரலோ 500 என்று நம்புகிறது. உண்மைத் துடிப்பு 72 என்றால் 72-ஐ 500-ஆல் பெருக்கி 192-ஆல் வகுத்துப் பாருங்கள், 187.5. பெரியம்மாவுக்கு முதலில் தகவல் சொல்லிவிடுங்கள்.

நாட்ச் கதையும் இதேதான். டிஜிட்டல் ஃபில்டருக்கு ஹெர்ட்ஸ் என்ற ஒன்றே தெரியாது. 500-க்கு 50 என்று கொடுத்தால், சாம்பிளிங்கில் பத்தில் ஒரு பங்கு இருக்கும் இடத்தை வெட்டு என்றுதான் அது புரிந்துகொள்ளும். நிஜ சாம்பிளிங் 192 என்றால் வெட்டு விழும் இடம் 19 ஹெர்ட்ஸ். அங்கே இருப்பது கரண்ட் இரைச்சல் அல்ல, க்யூஆர்எஸ் அலையின் (ஆர் முனை இருக்கும் கூர்மையான பகுதி) சதை. அதனால்தான் முனை குட்டையாகிறது, 50 ஹெர்ட்ஸ் அலுங்காமல் நிற்கிறது. க்யூ 30-ல் வெட்டு மிகக் குறுகல், அதனால் கண்ணுக்குத் தெரியவில்லை.

இன்வெர்ட்டரில் மோசமாவதற்கும் காரணம் இருக்கிறது. மலிவு இன்வெர்ட்டர்கள் சுத்தமான சைன் அலை தருவதில்லை, படிப்படியாக வெட்டிய அலை தருகின்றன, அதில் 150, 250 என்று ஒற்றைப்படை மடங்குகள் நிறைய இருக்கும். சாம்பிளிங்கில் பாதிக்கு மேல் இருக்கும் அலைவெண் கீழே மடிந்து தவறான இடத்தில் தெரியும். 192 சாம்பிளிங்கில் 150 மடிந்து 42-ல் வந்து உட்காரும், 250 மடிந்து 58-க்கு வரும். மடிந்து வந்த பிறகு எந்த ஃபில்டராலும் அதைத் தனியாக அடையாளம் காண முடியாது.

செய்ய வேண்டியது சின்ன வேலை. வேகத்தை 115200 ஆக்குங்கள், அதில் நொடிக்கு 2300 வரி போகும். சாம்பிளை லூப்பின் போக்கில் எடுக்காமல் டைமர் இன்டரப்ட் (கடிகாரம் போல நேரத்துக்கு நிரலைக் கூப்பிடும் வசதி) வைத்துச் சரியாக 2 மில்லிசெகண்டுக்கு ஒரு தடவை எடுங்கள். கூடவே மைக்ரோசெகண்ட் நேரத்தையும் கொஞ்ச நாள் அனுப்பிப் பாருங்கள், வரி நீண்டு 500 தாங்குமா என்று கணக்குப் போட்டுக்கொண்டு. அது தெரியாமல் வேவ்லெட் போட்டாலும் நியூரல் நெட்வொர்க் போட்டாலும் இதே கூத்துதான்.

சாட்ஸ்வர்த்_தம்பி

அண்ணா!! வேகத்தை மாற்றியதுமே துடிப்பு 74 வந்துவிட்டது. பெரியம்மாவுக்கு நிம்மதி, ஆனாலும் ஒருமுறை பிரஷர் பார்த்துவிட்டு வா என்கிறார். டைமர் போட்டு 500 கச்சிதமாக வருகிறது. ஒயரை முறுக்கி, தோலைத் தேய்த்து, பேட்டரியில் எடுத்தேன். நாட்ச் இல்லாமலேயே பி அலை தெரிகிறது, நம்பவே முடியவில்லை.

ஆனால் இரண்டு சந்தேகம். பக்கத்து வீட்டில் ஜெனரேட்டர் போட்டு எங்களுக்கும் ஒரு ஒயர் இழுத்திருக்கிறார்கள். அதில் ஓடும்போது க்யூ 30 நாட்ச் வேலை செய்வதில்லை, க்யூ 5 வேலை செய்கிறது. ஏன்? எதை வைத்துக்கொள்வது?

டொங்காட்_கரும்பு

ஜெனரேட்டர் கேள்விக்கு நான் சொல்கிறேன். சின்ன ஜெனரேட்டர்களில் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் இயந்திர வகை. லோடு இல்லாதபோது 52 ஹெர்ட்ஸ் பக்கம் ஓடும், ஃப்ரிட்ஜும் கெட்டிலும் சேர்ந்து இழுத்தால் 50-க்கு இறங்கும். 2023-ல் லோட்ஷெட்டிங் (முறை வைத்துக் கரண்ட் நிறுத்துவது) உச்சத்தில் இருந்தபோது எங்கள் தெருவில் ராத்திரியானால் ஆளுக்கொரு சுருதியில் இந்த மெஷின்கள் பாடிக்கொண்டிருக்கும். இப்போது அந்த அளவு இல்லை, ஆனால் கேபிள் திருட்டால் கரண்ட் போவது இருக்கிறதே. கருவியை ஒரு கிளினிக்கில் வைக்கப் போகிறீர்கள் என்றால் 50 என்பதை 50 என்று நம்ப வேண்டாம்.

பிரிட்டோரியா_சிக்னல்

அதேதான். 50-ஐ க்யூவால் வகுத்தால் வெட்டின் அகலம். க்யூ 30 என்றால் 1.7 ஹெர்ட்ஸ், அதாவது 49.2 முதல் 50.8 வரை. 52 அதற்கு வெளியே, ஜாலியாகப் போய்விடும். க்யூ 5 என்றால் அகலம் 10 ஹெர்ட்ஸ், 45 முதல் 55 வரை, அதனால் பிடிக்கிறது.

அப்படியென்றால் எப்போதும் 5 வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். இரண்டுக்கும் வேறு வேறு விலை இருக்கிறது. குறுகிய நாட்ச் ஒரு கூர்மையான க்யூஆர்எஸ் வந்து அடித்ததும் கொஞ்ச நேரம் அதிர்ந்துகொண்டே இருக்கும். க்யூ 30-க்கு அந்த அதிர்வு தணிய எடுக்கும் நேரம் ஏறத்தாழ 0.2 நொடி. க்யூஆர்எஸ் முடிந்து 0.2 நொடி என்றால் என்ன இடம்? எஸ்டி பகுதி, அதாவது க்யூஆர்எஸ்ஸுக்கும் துடிப்பின் கடைசியில் வரும் டி அலைக்கும் நடுவே இருக்கும் கோடு. மாரடைப்பு இருக்கிறதா என்று டாக்டர் பார்க்கும் அதே இடம். க்யூ 5-ல் அதிர்வு 0.03 நொடியில் அடங்கிவிடும், ஆனால் க்யூஆர்எஸ்ஸின் கூர்மையில் கொஞ்சத்தைத் தின்னும்.

என் விருப்பம் மூன்றாவது வழி. 1975-லேயே விட்ரோவும் கூட்டாளிகளும் இரைச்சலைத் தழுவிக் கழிக்கும் அடாப்டிவ் முறையை எழுதினார்கள், அதில் எடுத்துக்காட்டுகளில் ஒன்றே இசிஜியில் கரண்ட் இரைச்சலை எடுப்பதுதான், அவர்கள் ஊரில் 60 ஹெர்ட்ஸ். கரண்ட் அலையின் மாதிரி ஒன்றைத் தனியாக எடுத்து, அதன் அளவையும் கட்டத்தையும் (அலை எப்போது ஏறி இறங்குகிறது என்பதையும்) சரிசெய்துகொண்டே இசிஜியிலிருந்து கழிப்பது. சுவரிலிருந்து மாதிரி எடுக்காதீர்கள், ஐயா அடிக்க வருவார். நிரலுக்குள்ளேயே ஒரு சைனும் ஒரு கோசைனும் உருவாக்கி, எல்எம்எஸ் என்ற, பிழையைப் படிப்படியாகக் குறைக்கும் முறையில் இரண்டின் எடையையும் நகர்த்தினால் போதும். ஆனால் அதுவும் கிட்டத்தட்ட ஒரு நாட்ச்தான், ஒவ்வொரு தடவையும் எடையை நகர்த்தும் அளவைச் சிறிதாக வைத்தால் குறுகல், பெரிதாக வைத்தால் அகலம். ஜெனரேட்டருக்கு அது போதாது, டி அலைக்கும் அடுத்த பி அலைக்கும் நடுவே இருக்கும் அமைதியான இடங்களில் அலைவெண்ணை அளந்து சைனை அதற்கேற்ப நகர்த்த வேண்டும்.

ஜோபர்க்_புதுசு

இவ்வளவு கஷ்டப்படுவதற்குத்தான் நெட்வொர்க் என்றேன். 50, 52, தசை, மூச்சு எல்லாம் அதுவே கற்றுக்கொள்ளும்.

பீனிக்ஸ்_இசிஜி_அக்கா

கற்றுக்கொள்ளும் சரி, எதைக் கற்றுக்கொள்ளும்? இதய மேலறைகள் ஒழுங்கில்லாமல் துடிக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் இருப்பவருக்கு பி அலையே இருக்காது, அந்த இடத்தில் கோடு ஒழுங்கில்லாமல் நடுங்கும். இரைச்சல் மாதிரியேதான் தெரியும். பெரும்பாலும் சாதாரண இதயங்களைப் பார்த்துப் பழகிய உங்கள் நெட்வொர்க் அந்த நடுக்கத்தைத் துடைத்துவிட்டு அழகாக ஒரு பி அலை வரைந்து கொடுத்தால் யார் பொறுப்பு? ட்ரேஸ் அசிங்கமாக இருந்தால் டாக்டர் திரும்ப எடுக்கச் சொல்வார். அழகாக இருந்தால் கேட்க மாட்டார்.

ஜோபர்க்_புதுசு

அது ட்ரெய்னிங்கில் ஃபிப்ரிலேஷனையும் சேர்க்காதவர்கள் தப்பு. சேர்த்தால் வராது.

பிரிட்டோரியா_சிக்னல்

சேர்த்தால் குறையும், வராது என்று எழுதித் தர முடியாது. அரிதான நோய்களை எங்கே போய்ச் சேர்ப்பீர்கள்? துடிப்பை மட்டும் எண்ண வேண்டும் என்றால் நெட்வொர்க் தாராளமாகப் போடுங்கள், ஆனால் அதற்கு அவ்வளவு பெரிய யந்திரமே தேவையில்லை. பான், டாம்ப்கின்ஸ் இருவரும் 1985-ல் எழுதிய முறை போதும்: 5 முதல் 15 ஹெர்ட்ஸ் வரை மட்டும் விட்டு, சரிவை எடுத்து, வர்க்கமாக்கி, 150 மில்லிசெகண்ட் ஜன்னலில் கூட்டினால் எந்தக் குப்பையிலும் ஆர் தெரியும். அந்த அலையை டாக்டரிடம் காட்ட முடியாது, அதன் வேலை எண்ணுவது மட்டுமே.

தம்பி, உங்கள் ப்ராஜெக்ட் எண்ணுவதற்கா, பார்ப்பதற்கா? அதைச் சொன்னால்தான் எந்த ஃபில்டர் என்று சொல்ல முடியும். பார்ப்பதற்கு என்றால் 0.05 முதல் 150 ஹெர்ட்ஸ் வரை வேண்டும். மானிட்டரில் ஓடவிட 0.5 முதல் 40 போதும். உங்கள் போர்டு வகையில் அனேகமாக 0.5, 40 என்று கூறுகளை வைத்து ஏற்கெனவே பூட்டியிருப்பார்கள், அதனால் எஸ்டி பற்றி எதுவும் அறிக்கையில் எழுதாதீர்கள். கீழே 0.5-ல் அனலாக்காக வெட்டினால் கட்டம் திரிந்து, இல்லாத எஸ்டி இறக்கமும் ஏற்றமும் தெரியும்.

பீனிக்ஸ்_இசிஜி_அக்கா

மேலே 40-ல் வெட்டினால் பேஸ்மேக்கர் இதயத்துக்குக் கொடுக்கும் மின்குத்தும் தெரியாமல் போகலாம், அது 2 மில்லிசெகண்டுக்கும் குறைவு. எங்கள் மெஷினில் எந்த ஃபில்டர் என்பது பேப்பர் அடியில், 25 எம்எம், 10 எம்எம் என்று வேகமும் உயரமும் போடும் இடத்துக்குப் பக்கத்தில், அச்சாகிவிடும். நான் பார்க்கும் முதல் இடம் அதுதான்.

சாட்ஸ்வர்த்_தம்பி

பார்ப்பதற்கு என்று அறிக்கையில் எழுதியிருந்தேன், இனி துடிப்பும் தாளமும் மட்டும் என்று மாற்றிக்கொள்கிறேன். ஆனால் வழிகாட்டும் ஆசிரியர் வேவ்லெட் இருக்க வேண்டும் என்கிறார். அவருக்காகவாவது போட வேண்டும். மூச்சு அலைச்சலுக்கு அது உதவுமா?

பிரிட்டோரியா_சிக்னல்

தாராளமாக உதவும், வேவ்லெட் மேல் எனக்குப் பகை இல்லை. டிபி4 அல்லது சிம்4 என்ற வேவ்லெட் வகையை எடுத்து ஒன்பது நிலை பிரித்தால், 500 சாம்பிளிங்கில் கடைசி மிச்சம் 0 முதல் 0.49 ஹெர்ட்ஸ் வரை இருக்கும். அதைப் பூஜ்யமாக்கித் திரும்பக் கட்டினால் மூச்சு அலைச்சலில் பெரும்பகுதி போய்விடும். போர்டும் 0.5-ல் வெட்டுவதால் வித்தியாசம் சின்னதாகத்தான் தெரியும். தசை இரைச்சலுக்கு, அலைவெண் கூடிய நிலைகளில் டோனஹோவின் மென்மையான வரம்பு முறை: மிக நுண்ணிய நிலையின் குணகங்களின் நடுமதிப்பு விலகலை 0.6745-ஆல் வகுத்தால் இரைச்சலின் அளவு, அதை 2 லாக் என்-னின் (என் என்பது சாம்பிள் எண்ணிக்கை) வர்க்கமூலத்தால் பெருக்கினால் வரம்பு. ஒன்று கவனியுங்கள், உங்கள் போர்டு 40-க்கு மேல் ஏற்கெனவே அடக்கிவிட்டதால் நுண்ணிய நிலையில் இரைச்சலே குறைவாக இருக்கும், கணக்கு வரம்பைத் தாழ்வாகக் காட்டும். ஒவ்வொரு நிலைக்கும் தனியாகக் கணக்கிடுவது நல்லது. க்யூஆர்எஸ் விழும் நிலைகளில் கை வைக்காதீர்கள்.

எவ்வளவு முன்னேறியது என்று காட்ட, கண்ணுக்கு நன்றாக இருக்கிறது என்றால் ஆசிரியர் ஒப்ப மாட்டார். எம்ஐடி-பிஐஎச் என்ற இசிஜி தொகுப்பில் 48 அரைமணிப் பதிவுகள் இருக்கின்றன, 360 ஹெர்ட்ஸ். அதனோடு இரைச்சல் சோதனைக்கென்றே தனித் தொகுப்பு ஒன்று உண்டு, அலைச்சல், தசை, எலக்ட்ரோட் அசைவு என்று மூன்று இரைச்சல்களைத் தனியாகப் பதிந்து வைத்திருக்கிறார்கள். சுத்தமான அலையில் தெரிந்த அளவு இரைச்சலைச் சேர்த்து, ஃபில்டருக்குப் பின் எவ்வளவு மிஞ்சுகிறது, எத்தனை துடிப்பு தவறுகிறது என்று எண்ணுங்கள். எலக்ட்ரோட் அசைவுதான் கொடுமையானது, க்யூஆர்எஸ் மாதிரியே உருவம் கொண்டது, அதில் உங்கள் வேவ்லெட் தோற்கும், தோற்றதையும் எழுதுங்கள். இன்னொன்று, அது அமெரிக்கப் பதிவு, கரண்ட் இரைச்சல் 60-ல் இருக்கும். இங்கே பழகிய 50 நாட்ச்சைப் போட்டுவிட்டு ஒன்றும் குறையவில்லை என்று குழம்பும் மாணவர்களை வருடா வருடம் பார்க்கிறேன்.

சாட்ஸ்வர்த்_தம்பி

எல்லோருக்கும் நன்றி. ஜெனரேட்டரில் ஓடும்போது எடுத்த பதிவு ஒன்றை இணைத்திருக்கிறேன், 52 ஹெர்ட்ஸைத் தேடிப் பிடிக்கும் சைன் முறை போட்டது. மேல் கோடு முன்பு, கீழ்க் கோடு பின்பு. எலக்ட்ரோட் இரண்டு கையிலும் ஒன்று, வலது காலில் ஒன்று. இது பரவாயில்லையா?

டொங்காட்_கரும்பு

சபாஷ். லேப்டாப் பேட்டரியில்தானே?

சாட்ஸ்வர்த்_தம்பி

பேட்டரியில்தான் ஐயா.

பீனிக்ஸ்_இசிஜி_அக்கா

கோடு சுத்தமாக இருக்கிறது தம்பி. ஆனால் இரண்டு கைக்கும் நடுவே எடுத்த லீடில் (கோட்டில்) பி, க்யூஆர்எஸ், டி மூன்றும் கீழ்நோக்கி இருக்கின்றன. ஒயரைப் புதிதாக முறுக்கியபோது வலது கையையும் இடது கையையும் மாற்றி மாட்டியிருக்கிறீர்கள். நிறத்தை நம்ப வேண்டாம், இந்த மலிவு ஒயர்களில் நிறம் கடைக்குக் கடை மாறும், போர்டில் இருக்கும் எழுத்தைப் பார்த்து மாட்டுங்கள். இதற்கு ஃபில்டர் கிடையாது, மாற்றி மாட்டித் திரும்ப எடுத்துப் போடுங்கள்.